தாமானில் பெய்யாத மழை

அத்தியாயம் – 4

"இது தோட்டத்து மழைப் புத்தகம். இதுல எல்லாமே இருக்கு," என்று தனுஜா அதன் படம் திறந்திருந்த கைப்பேசியை மேசையின் நடுவில் வைத்தாள்.

துப்பறிவாளர் காஜா மொய்தீன் அதை உடனே எடுத்துப் பார்க்கவில்லை. தே ஓவை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். ஜார்ஜ் டவுனே வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடிக்கிற மனிதரிடம் வழக்கைக் கொடுக்கலாமா என்று வேறு யாருக்காவது சந்தேகம் வந்திருக்கும். தனுஜாவுக்கு வரவில்லை. பதினாறு நாளாக அவளுக்கு எதுவுமே வருவதில்லை. பசி வந்தால் சாப்பிடுகிறாள், இருட்டினால் படுக்கிறாள். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைக் கடித்தாலும் தெரியாதே, உடம்பு முழுவதும் அப்படி ஆகிவிட்டிருந்தது.

காஜாவின் உதவியாளர் நட்டாலிதான் கைப்பேசியை எடுத்தாள். இருபத்தாறு வயது. வாய்க்கு மட்டும் வயது அதிகம்.

"பாஸ், மழையே சாட்சி சொல்ல வந்திருக்கு. கோர்ட்டுல கூண்டுல ஏத்தினா குடை யாரு பிடிக்கிறது?"

"நீதான்," என்றார் காஜா. "தங்கச்சி, நீங்க முதல்ல இருந்து ஒரு தடவ சொல்லுங்க. போலீசுக்குச் சொன்ன மாதிரியே."

தனுஜா சொன்னாள். பலமுறை சொல்லிப் பழகியதால் தங்குதடையில்லாமல் வந்தது.

சுங்கை பாக்காப்பில் அவர்கள் குடியிருக்கும் தாமானில் நாற்பது வரிசை வீடுகள். சுற்றிலும் செம்பனைத் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வீட்டின் பின்பக்கம் போன அப்பா கார்த்திகேசுவை ஒரு கபாக் பாம்பு கடித்தது. விரியன் ஜாதி. இருபது வருடத்தில் அந்தத் தாமானில் யாரும் அதைப் பார்த்தது கிடையாது. அப்பா இதயத்துக்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். விஷமும் அதே வேலையைச் செய்தது. இரத்தப்போக்கை நிறுத்த முடியாமல் புதன்கிழமை போய்விட்டார்.

பக்கத்து வீட்டுக் குணாளன் லாரி மெக்கானிக். யார் வீட்டில் பாம்பு நுழைந்தாலும் போய்ப் பிடிப்பான். பிடித்ததைக் காலி பெயிண்ட் வாளியில் போட்டு மூடி வைத்திருப்பான். அதைப் பற்றி அப்பா மாநகர் மன்றத்துக்குப் புகார் எழுதினார். வேலி ஓரத்தில் பெரிய வாய்ச்சண்டை. அது நடந்து இரண்டு வாரத்தில் பாம்பு கடித்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை அவன் வெளியூர்ல ஒரு கபாக் பாம்ப பிடிச்சிருக்கான். எல்லாருக்கும் தெரியும். ஞாயித்துக்கிழமை வாளி காலி. எங்கடான்னு கேட்டா, சனிக்கிழமை சாயந்தரமே தோட்டத்துக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்துல விட்டுட்டேன், நல்ல மழை, நனைஞ்சுட்டு வந்தேன்னு சொல்றான். சனிக்கிழமை எங்க தாமான்ல சொட்டு மழை கிடையாது. முப்பத்தேழு நாளா கிடையாது."

"அதனால நீங்க தோட்டத்து மழைப் புத்தகத்தைத் தேடிப் போனீங்க."

"ஆமா. மழைமானி அந்த மலையடிவாரத்துலதான் இருக்கு. சனிக்கிழமைக்கு நேரா பூஜ்யம் போட்டிருக்கு. போட்டோ பிடிச்சு நான்தான் போலீசுக்குக் கொடுத்தேன்."

"அப்புறம்?"

"கடிச்ச அன்னிக்கு அவன்தான் ஓடி வந்தான். பாம்பு எங்க இருக்குன்னு யாரும் சொல்லல. நேரா போயி சுவரோரத்துல இருந்து இடுக்கியால தூக்கினான். வெச்சவனுக்குத்தானே இடம் தெரியும்?"

நட்டாலி நிமிர்ந்து காஜாவைப் பார்த்தாள். அவர் தேநீரை வைத்துவிட்டார்.

"இப்ப எங்கிட்ட என்ன வேணும்?"

"நாளையோட அவனோட தடுப்புக்காவல் முடியுது. இன்னும் உறுதியா எதுவும் இல்லன்னா விட்டுருவோம்னு இன்ஸ்பெக்டர் சொல்றாரு. வியாழக்கிழமை அப்பாவோட பதினாறாம் நாள் காரியம். அதுக்குள்ள அவன்மேல கேஸ் ஏறணும், அண்ணே. அவ்வளவுதான்."

இதைச் சொல்லும்போது கோபம் வர வேண்டும் என்று அவளே எதிர்பார்த்தாள். அதுவும் வரவில்லை.

காஜா கைப்பேசியை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார். விரலால் மேலிருந்து கீழே இழுத்தார். பிறகு நட்டாலியிடம் கேட்டார்:

"நீ எந்தக் கிழமை வேலைக்கு வரமாட்டே?"

"ஞாயிறு, பாஸ். சாமி கும்பிடணும். சாமி கேட்டா தூங்கறேன்னு சொல்லிடாதீங்க."

"தோட்டத்து மழையும் அப்படித்தானான்னு ஒரு தடவ போயி கேட்டுட்டு வருவோம்."

---

பாலத்தைத் தாண்டுவதற்குள் மூன்று பேருக்கும் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. காஜாவின் கார் அவருடைய மூத்த மகளை விட வயதில் பெரியது. தனுஜா பின்னால் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடல் தகரம் போலக் கிடந்தது. முன்னால் இருவரும் பேசுவது எங்கோ வானொலியில் கேட்பது மாதிரி இருந்தது.

"பாஸ், இந்தக் காடியில ஏர்கோன்தான் இல்ல. வேர்வைக் குளியல் சோனா இருக்கு. ஓட்டல்ல இதுக்கு ஐம்பது வெள்ளி வாங்குறான்."

"சம்பளத்துல பிடிச்சுக்கறேன்."

தோட்டத்து அலுவலகத்தில் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. கிராணி லோகேஸ்வரன் எழுந்து நின்று வரவேற்றார். அலுவலகத்துப் புத்தகங்களெல்லாம் அவர் பொறுப்பு. சட்டைப்பையில் மூன்று பேனா. மழைப் புத்தகத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் புத்தகத்தை ஒரு துப்பறிவாளர் கேட்கிறார்.

"பதினோரு வருஷமா நான்தான் எழுதறேன், சார். ஒரு நாள் கட்டம் காலியா இருக்காது. தினம் காலைல ஏழு மணிக்கு மழைமானித் தண்ணியைக் கண்ணாடிக் குவளையில ஊத்தி அளப்பேன். என்ன அளவோ அத முந்தின நாள் தேதியில எழுதுவேன்."

"முந்தின நாளா?"

"ஆமா சார். காலைல ஏழு மணிக்குக் கிடக்கிற தண்ணி நேத்து பேஞ்சதுதானே? எல்லாத் தோட்டத்துலயும் அப்படித்தான்."

காஜா தலையாட்டினார். நட்டாலி புத்தகத்தின் பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நவம்பர் மாதத்தில் அவள் விரல் நின்றது. பிறகு அக்டோபர். பிறகு மறுபடி நவம்பர்.

"கிராணி அண்ணே," என்றாள். "போன நவம்பர்ல வெள்ளம் வந்துச்சே. திங்கள் மழை, செவ்வாய் மழை, எல்லா நாளும் மழை. சனிக்கிழமை மட்டும் எல்லா வாரமும் பூஜ்யம். மழைக்கும் சனிக்கிழமை லீவா?"

லோகேஸ்வரனுக்கு வேர்த்தது. வெயிலுக்கு மேலே இது தனி வேர்வை.

"அது வந்து... ஞாயித்துக்கிழமை ஆபீஸ் லீவுமா. யாரும் அளக்க மாட்டோம். ஞாயித்துக்கிழமை காலைல அளந்தாத்தானே சனிக்கிழமைக்கு எழுத முடியும்? காலியா விட்டா பெரிய ஆபீசுல கேள்வி கேப்பாங்க. அதனால ஒரு முட்டை போட்டுருவோம். திங்கக்கிழமை காலைல மானியில சேர்ந்து கிடக்கிறத ஞாயித்துக்கிழமைக்கு எழுதிருவோம். மாசக் கடைசியில கூட்டினா சரியாத்தான் வரும்!"

"அப்ப சனிக்கிழமைக்கு நேரா பூஜ்யம்னா மழை இல்லன்னு அர்த்தம் இல்ல," என்றார் காஜா. "யாரும் பார்க்கலன்னு அர்த்தம்."

காஜா பக்கத்தைத் திருப்பித் தனுஜா பக்கம் காட்டினார். அந்த வாரத்து சனிக்கிழமைக்கு நேராகப் பூஜ்யம். அதற்கு அடுத்த வரியில், ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக, நாற்பத்தொரு மில்லிமீட்டர். அவள் எடுத்த படத்திலும் அது இருந்தது. அவள் அதைப் பார்க்கவேயில்லை. பூஜ்யத்தைக் கண்டதும் படத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

"அது ஞாயித்துக்கிழமை பேஞ்சதா இருக்கலாம்ல?" என்று கேட்டாள்.

"இருக்கலாம். கிராணி, அந்த ஞாயித்துக்கிழமை காலைல நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான் சார், கோயில்ல. பங்குனி உத்திரத்துக்குப் பந்தல் போட்டோம். எட்டு மணிக்கு ஆரம்பிச்சது."

"அப்பவே மூணு வாரமா வெயில். கம்பம் நட மண்ணு இடம் கொடுத்துச்சா?"

லோகேஸ்வரன் சிரித்தார். "அத ஏன் கேக்கறீங்க! மண்ணு கல்லா இருக்கும்னு நாலு கடப்பாரை கொண்டு போனோம். ஒண்ணும் தேவைப்படல. வெண்ணெயில இறங்கற மாதிரி இறங்கிச்சு. முந்தின சாயந்தரம் இந்த மலையோரமா மட்டும் பிடிச்சுக் கொட்டிட்டுப் போயிருச்சுல்ல..."

சொல்லிக்கொண்டே வந்தவர் தனுஜாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நட்டாலி புத்தகத்தை மெதுவாக மூடினாள்.

குணாளன் சொன்ன மழை பெய்திருக்கிறது. அவன் நனைந்துதான் வந்திருக்கிறான். தனுஜா இதைத் தனக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். அதிர்ச்சி வந்திருக்க வேண்டும். அது வருவதற்கான இடம் அவளிடம் காலியாக இருந்தது, ஆனால் எதுவும் வந்து உட்காரவில்லை.

"மழை பேஞ்சா என்ன?" என்றாள். "நனைஞ்சுட்டு வந்தான். சரி. இன்னொரு பாம்பு வெச்சிருந்திருப்பான்."

"வெச்சிருக்கலாம்," என்றார் காஜா. "உங்க வீட்டுப் பின்பக்கத்தைப் பார்க்கலாமா, தங்கச்சி?"

---

தாமானுக்குள் கார் நுழைந்தபோது நண்பகல். தெருவில் ஒரு நாய் கூட இல்லை. பக்கத்து வீட்டில், குணாளனின் மனைவி அதிரா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தனுஜாவைப் பார்த்ததும் பாதித் துணியைக் கூடையிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டின் பின்னால் சிமெண்டுத் தரை. அதைத் தாண்டி சுவரோரமாக ஆறடி அகலத்தில் மண். அதில் அப்பாவின் கத்தரிச் செடிகள் பன்னிரண்டு. பதினாறு நாளாகத் தண்ணீர் காணாமல் தலை தொங்கி நின்றன. குளித்த தண்ணீர் சுவர் மூலையில் மட்டும் விழும்படி குளியலறையிலிருந்து ஒரு குழாய் இழுத்துவிடப்பட்டிருந்தது.

"அப்பா எந்தக் கையில கடி வாங்கினாரு?"

"வலது கை. கட்டைவிரலுக்குப் பக்கத்துல."

"வேண்டாதவன் ஒருத்தன் ராத்திரி பாம்பைக் கொண்டு வந்து விடறான்னா கதவோரம் விடுவான், செருப்புக்குள்ள விடுவான். கடி கால்ல விழும். இவரு கையை நீட்டியிருக்காரே?"

"பாம்புக்கு சலாம் வெச்சிருப்பாரோ," என்று நட்டாலி ஆரம்பித்தாள். பாதியில் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். "சாரி அக்கா. சாரி. எனக்கு வாயில பிரேக் இல்ல."

"பரவால்ல," என்றாள் தனுஜா. உண்மையிலேயே அவளுக்குப் பரவாயில்லாமல்தான் இருந்தது. "தண்ணி வாளியை எடுக்கக் குனிஞ்சிருப்பாருன்னு நெனச்சேன்."

"வாளி அந்தப் பக்கம்ல இருக்கு. காலைல எழுந்ததும் இங்க வந்து என்ன செய்வாரு?"

தனுஜா யோசித்தாள். "குழாயில தண்ணி சரியா வரதில்ல அண்ணே, இந்த வெயிலுக்கு. அதனால கண்டபடி ஊத்த மாட்டாரு. இலையை விலக்கி மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பார்ப்பாரு. ஈரமா இருந்தா அந்தச் செடிக்கு அன்னிக்குத் தண்ணி இல்ல."

"இலையை விலக்கி," என்றார் காஜா.

செடிகளின் அடியில் கணுக்கால் உயரத்துக்குக் காய்ந்த இலைகள் பரப்பப்பட்டிருந்தன. காஜா உட்கார்ந்து குச்சியால் ஒன்றை இழுத்து எடுத்தார். ஒரு காம்பில் மூன்று இலை.

"இது பால்மரத்து இலை, ரப்பர். சுத்தி அஞ்சு மைலுக்குச் செம்பனைதான் நிக்குது. இது எப்படி இங்க வந்துச்சு?"

"நான்தான் கொண்டு வந்தேன்," என்றாள் தனுஜா. "புக்கிட் மெர்தாஜாம்ல என் கூட்டாளி வீட்டுப் பால்மரத் தோட்டம் இருக்கு. இந்த வெயிலுக்கு மொட்டையா கொட்டிக் கிடந்துச்சு. செடிக்கடியில இலை போட்டா ஈரம் நிக்கும், அப்பா அடிக்கடி வாளி தூக்க வேணாம், முட்டி வலியில கஷ்டப்படறாரேன்னு... விடியக்காலைல போயி தகரத் தட்டால அள்ளி அரிசிச் சாக்குல கட்டிட்டு வந்தேன். முதல்ல நாலு சாக்கு. அப்புறம் ஒரு வியாழக்கிழமை ரெண்டு சாக்கு."

சொல்லி முடித்தபோதுதான் நட்டாலியின் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து ஓயாத வாய் மூடியிருந்தது. அந்தப் பெண் தன்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் பார்க்க மாட்டேன் என்கிறாள் என்று தனுஜாவுக்கு முதலில் புரியவில்லை.

"எந்த வியாழக்கிழமை?" என்றார் காஜா மெதுவாக.

"கடிக்கறதுக்கு மூணு நாள் முந்தி."

காஜா நீளக் குச்சி ஒன்றை எடுத்து, சுவர் மூலையிலிருந்து இலைகளை ஒவ்வொரு அடுக்காக விலக்கினார். மேலே பழுப்பு இலைகள். அதற்கடியில் விரித்துப் போட்ட தமிழ் நாளிதழ். அதற்கும் கீழே மட்கிக் கறுத்த இலைகள், முதல் நான்கு சாக்கு.

"பேப்பர் போட்டது யாரு?"

"அப்பா. ரெண்டாவது தடவ இலை போடறதுக்கு முந்தி விரிச்சாரு. களை வராதாம்."

காஜா குச்சி நுனியால் நாளிதழைத் தூக்கினார். முதல் பக்கத்தில் தேதி தெளிவாகத் தெரிந்தது. பாம்பு கடிப்பதற்கு நான்கு நாள் முந்திய புதன்கிழமை. அதற்கடியில், கறுத்த இலைகளின்மேல், கண்ணாடித் தாள் போல ஏதோ சுருண்டு கிடந்தது. அவர் குச்சியில் சுற்றி வெளியே எடுத்தார். அங்கங்கே கிழிந்திருந்தாலும் செதில் வரிசை அப்படியே இருந்தது. பாம்புச் சட்டை.

"பாஸ்," என்றாள் நட்டாலி. குரலில் விளையாட்டு இல்லை. "சட்டை பேப்பருக்குக் கீழ இருக்கு. பேப்பர் போட்டது வியாழக்கிழமை. குணாளன் பாம்பு பிடிச்சதே வெள்ளிக்கிழமை."

"ஆமா."

"அப்ப இந்தப் பாம்பு முன்னாடியே இங்க இருந்திருக்கு."

"அந்த நாலு சாக்குல ஒண்ணுல வந்திருக்கு." காஜா எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். "கபாக் பாம்பு காய்ஞ்ச இலையில படுத்தா கண்ணுக்குத் தெரியாது. நிறம் அப்படி. ஓடவும் ஓடாது. மிதிச்சாலும் கடிச்சுட்டு அங்கேயே கிடக்கும். மலாய்க்காரங்க அதைக் கபாக் போடோம்பாங்க, முட்டாள் பாம்பு. குணாளன் நேரா போயி எடுத்தது அதனாலதான். கடிச்ச இடத்துலயே இருக்கும்னு பாம்பு பிடிக்கிறவனுக்குத் தெரியும்."

"இலையோட அள்ளிட்டு வந்தாலும் சும்மா இருக்குமா?" என்று நட்டாலி கேட்டாள்.

"விடியக்காலைக் குளிருல அள்ளியிருக்காங்க. சுருண்டு கிடந்திருக்கும். அப்புறம் இங்க கொட்டியாச்சு. சுத்திலும் பாரு, கொதிக்கிற சிமெண்டு. ஊரே காய்ஞ்சு கிடக்கு. இந்த ஆறடி மட்டும் நிழல், குளிச்ச தண்ணி, தவளை, பல்லி. மழை பேஞ்சிருந்தா எங்கயாவது போயிருக்கும். இந்த வெயில் அதை இங்கயே பிடிச்சு வெச்சிருச்சு."

தனுஜா எல்லாவற்றையும் கேட்டாள். ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது. சாக்கு கனமாக இருந்ததும், அதைக் காரிலிருந்து இறக்கும்போது அப்பா வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது. "நல்ல வேல செஞ்சம்மா" என்றார். அன்றைக்கு முழுவதும் யாரைப் பார்த்தாலும் மகள் இலை கொண்டுவந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான்தான் கொண்டு வந்தேனா?" என்று கேட்டாள்.

"நீங்க அப்பாவுக்கு நல்லதுன்னு செஞ்சீங்க, தங்கச்சி."

"நான்தான் கொண்டு வந்தேன்."

"ஆமா," என்றார் காஜா. அவர் பொய் சொல்லிப் பழகாதவர். "இதை இன்ஸ்பெக்டர்கிட்ட யாரு சொல்றது? நானா, நீங்களா? நான் சொன்னா அவரு யோசிப்பாரு. வாக்குமூலம் கொடுத்தவங்களே வந்து சொன்னா விட்டுத்தான் ஆகணும்."

தனுஜா வேலியோரம் நடந்தாள். "அதிரா அக்கா," என்று கூப்பிட்டாள். மூன்றாவது முறைதான் கதவு திறந்தது. அதிரா வாசலிலேயே நின்றாள். கண்ணுக்கடியில் கருவளையம். வாளி, மழை, சாக்கு, சட்டை எல்லாவற்றையும் தனுஜா சொன்னாள். குரல் ஒரே சீராக இருந்தது, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பது போல.

அதிரா கடைசி வரைக்கும் கேட்டாள்.

"அவரு நனைஞ்சு வந்த சட்டையை நான்தான் பிழிஞ்சு காயப்போட்டேன்," என்றாள். "நான் சொன்னப்ப யாரு நம்புனா? இப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்ற? போலீஸ் பாலாய்க்குப் போயி சொல்லு."

கதவு சாத்திக்கொண்டது. தனுஜா காரில் போய் ஏறினாள். போலீஸ் நிலையத்தில் அவள் வாக்குமூலம் எழுதி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. நட்டாலி வெளியே பெஞ்சில் காத்திருந்தாள்.

---

மறுநாள் புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தாமானில் மழை இறங்கியது. முப்பத்தெட்டு நாள் கழித்து வந்த மழை. ஜனங்கள் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். தனுஜா சமையலறையில் மறுநாள் காரியத்துக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பின்பக்கம் யாரோ நடக்கும் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தாள்.

குணாளன் நின்றுகொண்டிருந்தான். பதினாலு நாள் தாடி. கையில் நீள இடுக்கி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். அவனுக்குப் பின்னால் காஜாவும், அவர் தலைக்குக் குடை பிடித்தபடி நட்டாலியும். லோக்கப்பிலிருந்து அவனைக் கூட்டிவந்தவர்கள் அவர்கள்தான்.

"வீட்டுக்குள்ள கூட போகலக்கா," என்றாள் நட்டாலி. "காடியில பாம்புச் சட்டை விஷயத்தைச் சொன்னோம். வாசல்ல கிடந்த பூட்ஸையும் இடுக்கியையும் மட்டும் எடுத்துட்டு நேரா இங்க வந்துட்டாரு."

குணாளன் தனுஜாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "சட்டை எங்க கிடந்துச்சு?"

அவள் மூலையைக் காட்டினாள்.

"முட்டை வெக்கறதுக்கு முந்திதான் பெரும்பாலும் சட்டை உரிக்கும்," என்றான். "இடத்தை விட்டு அசையாம இருந்ததுக்குக் காரணம் வெயில் மட்டும் இருக்காது. அன்னிக்கு உங்க அப்பாவைப் பார்க்கற அவசரத்துல நான் தோண்டிப் பார்க்கல. தப்பு என்மேலயும் இருக்கு. ஒரு டப்பா குடு. மூடி உள்ளதா."

தனுஜா ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தாள். மழையில் வானம் இருண்டிருந்தது. கைப்பேசி விளக்கைப் போட்டுப் பிடித்துக்கொண்டாள். அவன் மண்டியிட்டு, இடுக்கியால் ஒவ்வொரு கொத்தாக இலையை எடுத்து ஓரமாக வைத்தான். பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு அவன் கை நின்றது.

சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் வெள்ளையாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பதினொரு முட்டைகள். ஒன்றிரண்டு லேசாக உப்பியிருந்தன.

"அல்லா," என்றார் காஜா.

"பொரிக்க இன்னும் ரொம்ப நாள் இல்ல," என்றான் குணாளன். "மழை வேற வந்துருச்சு. பொறந்த குஞ்சுக்கும் விஷம் உண்டு." அவன் முட்டைகளைப் பிரிக்காமல், புரட்டாமல், இலையோடு சேர்த்து டப்பாவுக்குள் வைத்தான். "நாளைக்குக் காரியம் எங்க வெச்சிருக்க?"

"இங்கதான். பின்னால. காக்காவுக்குச் சோறு வெக்க."

"எல்லாரும் செருப்பைக் கழட்டிட்டுத்தானே நிப்பாங்க."

மாமா, அத்தை, அவர்கள் பிள்ளைகள், நாற்பது வீட்டு ஜனங்கள் இந்த இலைகளின்மேல் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்தாள். அவர்களை எல்லாம் இங்கே வரச் சொல்லி அழைத்தவளும் அவள்தான்.

"குணா அண்ணே, என்னை மன்னிச்சிருங்க."

அவன் டப்பாவை மூடினான். நான்கு பக்கமும் அழுத்திப் பார்த்தான்.

"அதை இப்ப கேக்காத, தனு. பதினாலு நாள் உள்ள இருந்திருக்கேன். நான் கொலைகாரன்னு தெருவே அதிராவைப் பார்த்துப் பேசியிருக்கு. எனக்குக் கோவம் போகல. எப்ப போகும்னும் தெரியல." டப்பாவைக் காஜாவிடம் கொடுத்துவிட்டு அடுத்த செடியின் பக்கம் நகர்ந்து மறுபடி மண்டியிட்டான். "இன்னும் பதினொரு செடி இருக்கு. ஒண்ணு விடாம பார்த்துட்டுத்தான் போவேன். லைட்டைக் கீழ காட்டு."

தனுஜா விளக்கைத் தாழ்த்திப் பிடித்தாள். கண்ணீர் பொங்கி வந்து முன்னால் இருப்பதெல்லாம் மறைந்தது. வாய்விட்டு அழுதாள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளும் வெளிச்சத்தை அவன் கையிலிருந்து விலக்கவில்லை.